மீசைக்காரன் மேல் விழும் வீண்பழி

நின்டெண்டோ ஒரு புதுக் கருவியை வெளியிட்டால் போதும், அதே புலம்பல் தொடங்கிவிடும். 2025 ஜூன் 5 அன்று ஸ்விட்ச் 2 கடைக்கு வந்தபோதும் அப்படித்தான். கூடவே வந்த பெரிய கேம் மாரியோ கார்ட் வேர்ல்ட். மறுபடியும் மாரியோவா, நாற்பது வருடமாக இந்த மீசைக்காரனை வைத்தே பிழைப்பு நடத்துகிறார்களே, புதிதாக யோசிக்க அங்கே ஆளே இல்லையா என்று கேட்டார்கள். செல்டா வந்தால் மறுபடியும் அந்த இளவரசியா, போக்கிமான் வந்தால் மறுபடியும் அந்த மஞ்சள் எலியா. சோனிக்கு காட் ஆஃப் வார், மைக்ரோசாஃப்டுக்கு ஹேலோ. கன்சோல் செய்கிற மூன்று கம்பெனிகளும் பழைய பெயர்களைக் கறந்தே காலம் தள்ளுகின்றன என்பது இன்று கேம் ஆடுபவர்களில் பெரும்பாலோர் கேள்வி கேட்காமல் ஒப்புக்கொண்ட கருத்து.

பெட்டியின் மேலட்டையில் உள்ள பெயர்களை எண்ணிப் பார்த்தால் இந்தக் கருத்து நியாயமாகத்தான் தெரியும். ஆனால் மேலட்டையை யாரும் ஆடுவதில்லை. கையில் பிடித்த கன்ட்ரோலரில் என்ன செய்கிறோம், எதைக் கண்டுபிடிக்கிறோம், எங்கே விழுந்து எப்படி எழுகிறோம் என்பதுதான் கேம். அதை வைத்துக் கணக்குப் பார்த்தால் வழக்கு தலைகீழாகிறது. பெரிய பழைய பெயர்கள் பலவற்றின் பின்னால் இந்தத் தொழிலின் துணிச்சலான சோதனைகள் நடந்திருக்கின்றன. புத்தம்புதுப் பெயர்கள் சிலவற்றின் பின்னால் அரைத்த மாவே அரைக்கப்பட்டிருக்கிறது.

மாரியோ பிறந்த கதையிலிருந்தே தொடங்கலாம். 1981-ல் அமெரிக்காவில் நின்டெண்டோவின் ராடார் ஸ்கோப் என்ற ஆர்கேட் கேம் விலைபோகவில்லை. சுமார் 2000 இயந்திரங்கள் கிடங்கில் தேங்கின. அந்த இயந்திரங்களுக்குள்ளேயே வேறொரு கேமைப் பொருத்தி விற்கும் வேலை ஷிகெரு மியாமோட்டோ என்ற இளம் வடிவமைப்பாளரிடம் வந்தது. அவர் முதலில் நினைத்தது பொபாயை வைத்து ஒரு கேம். உரிமை கிடைக்கவில்லை. பொபாயின் எதிரி புளூட்டோவின் இடத்துக்கு டாங்கி காங் என்ற கொரில்லா வந்தது, பொபாயின் இடத்துக்கு ஒரு தச்சன் வந்தான். வாயை வரைய அந்தக் காலத்துத் திரைப்புள்ளிகள் போதாததால் மீசை, முடியை அசைத்துக் காட்ட முடியாததால் தொப்பி, கை ஆடுவது தெரிய வேண்டும் என்பதற்காக வேறு நிறத்தில் மேலாடை. ஆக, ஏறு, தாவு, உருண்டு வரும் பீப்பாயைத் தாண்டு என்ற ஆட்டம்தான் முக்கியம். அதில் தாவுகிறவன் யாராக இருந்தாலும் வேலை நடந்திருக்கும். மாரியோ பிறக்கும்போதே ஒரு மாற்று ஆள்.

இந்த வழக்கம் நின்டெண்டோவில் பிறகும் விடவில்லை. 1990-ல் வந்த எஃப்-ஸீரோ மின்னல் வேகக் கார் பந்தயம், ஒருவர் மட்டுமே ஆடக்கூடியது. இருவர் சேர்ந்து ஆடும்படி ஒன்று செய்யப் பார்த்தார்கள். திரையை இரண்டாகப் பிரித்தால் அந்த வேகத்தைக் கருவி தாங்கவில்லை. எனவே வேகத்தைக் குறைத்தார்கள், நீண்ட நேர்ச்சாலைகளைச் சுருக்கி வளைவுகளாக்கினார்கள், காரைச் சின்ன வண்டியாக்கினார்கள். வண்டியில் உட்கார்ந்திருந்தவன் சில மாதங்கள் வரை யாரோ ஒரு பெயரில்லாத ஆள். மாரியோ பிறகுதான் ஏறி உட்கார்ந்தார். அது 1992-ன் சூப்பர் மாரியோ கார்ட். அந்தச் சின்ன வண்டியில் வேறு யாரையாவது உட்கார வைத்து, புதிய பெயர் சூட்டி விற்றிருந்தால், இன்று புலம்புகிறவர்கள் அதைப் புதுமை என்று கொண்டாடியிருப்பார்கள். ஆட்டத்தில் ஓர் அணு கூட மாறியிருக்காது.

எதிர்த்திசையிலும் இது நடந்திருக்கிறது. ஸ்பிளாட்டூனின் முதல் சோதனையில் ஆடியவை டோஃபு கட்டிபோல இருந்த வெள்ளை, கறுப்புப் பெட்டிகள். தரையில் மை தெளிப்பது, தன் நிற மைக்குள் ஒளிந்துகொள்வது, அவ்வளவுதான். மாரியோவை வைக்கலாமா என்று யோசித்தார்கள், முயலை வைத்துப் பார்த்தார்கள். மை பீய்ச்சவும் வேண்டும், மைக்குள் நீந்தவும் வேண்டும் என்ற ஆட்டத்துக்கு எந்தப் பழைய முகமும் பொருந்தவில்லை. கடைசியில் மனித உருவமும் கணவாய் உருவமும் மாறி மாறி எடுக்கும் பிள்ளைகள் பிறந்தார்கள். 2015 மே மாதம் கேம் வந்தது. ஆட்டம் புதிய முகம் கேட்டது, புதிய முகம் கிடைத்தது. இதில் வேடிக்கை ஒன்று உண்டு. 2022-ல் ஸ்பிளாட்டூன் 3 வந்தபோது அதையும் 'பழைய தொடர்கள்' பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். ஏழே வருடத்தில் புதுமுகம் கிழடு தட்டிவிட்டது.

'அதெல்லாம் சரி, இருக்கிற முகத்தையே ஏன் திரும்பத் திரும்பப் பயன்படுத்த வேண்டும்? புதியதைப் புதிய முகத்தோடே கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?' என்பது அடுத்த கேள்வி. நல்ல கேள்வி. கர்ண மோட்சம் கூத்துப் பார்க்க விடிய விடிய உட்கார்ந்திருப்பவருக்குக் கர்ணன் சாவான் என்று தெரியாதா? கதை தெரிந்ததால்தான் அவருக்கு ஆட்டத்தைப் பார்க்க மனம் ஒழிகிறது. கேமிலும் இதுதான் நடக்கிறது, இங்கே தேவை இன்னும் அதிகம், ஏனென்றால் இங்கே பார்ப்பவரே ஆட வேண்டியிருக்கிறது.

1996-ல் சூப்பர் மாரியோ 64 வந்தபோது முப்பரிமாண உலகில் ஓடியாடிப் பழகியவர்கள் மிகக் குறைவு. முன்னே போ என்றால் எந்தப் பக்கம்? பார்வை எங்கிருந்து வருகிறது, அதை யார் திருப்புகிறார்கள்? கேமரா என்ற ஒன்று இருக்கிறது என்பதையே ஆடுபவருக்குச் சொல்லித்தர வேண்டியிருந்தது. மியாமோட்டோவின் குழு பழைய மாரியோ கேம்களில் மேகத்தில் மிதந்தபடி முள்முட்டை எறிந்துகொண்டிருந்த லகிட்டுவை எடுத்து, கையில் தூண்டில் கம்பில் கட்டிய ஒரு கேமராவைக் கொடுத்து, 'உன்னை இவன்தான் படம்பிடிக்கிறான்' என்று காட்டிவிட்டது. கோட்டைக்குள் ஒரு கண்ணாடி அறைக்குப் போனால் மாரியோவுக்குப் பின்னால் அவன் மிதப்பது கண்ணாடியில் தெரியும். அன்றைக்குக் கேமில் கேமரா என்றால் என்ன என்பதை இதைவிடச் சுருக்கமாக விளக்கிய பாடம் ஒன்று எனக்குத் தெரியாது. அதைச் சொல்லிக்கொடுத்தது ஒரு பழைய பாத்திரம். தாவுவான், காளானைத் தின்றால் பெரிதாவான், காசைக் கண்டால் எடுப்பான் என்று மாரியோவைப் பற்றி ஏற்கெனவே எல்லாம் தெரிந்திருந்ததால், ஆடுபவர் தன் முழுக் கவனத்தையும் தெரியாத ஒன்றில், அதாவது அந்தப் புதிய வெளியில், செலவிட முடிந்தது. தெரிந்த முகம் இங்கே ஒரு கைப்பிடி.

செல்டா தொடரில் இதைவிட நல்ல சாட்சி இருக்கிறது. 1998 நவம்பரில் ஒக்கரினா ஆஃப் டைம் வந்து உலகமே கொண்டாடியது. அதன் குகைகளை மாற்றியமைத்து ஒரு மறுபதிப்புச் செய்யச் சொன்னபோது அதன் வடிவமைப்பாளர்களில் ஒருவரான எய்ஜி அவோனுமாவுக்கு அதில் மனம் ஒட்டவில்லை. அப்படியானால் ஒரு வருடத்தில் புதிய செல்டா ஒன்றைச் செய்துகாட்டு என்றார் மியாமோட்டோ. ஒரு வருடத்தில் புது உருவங்களை வரைய ஏது நேரம்? ஒக்கரினாவின் ஆட்களையே, அதே முகம், அதே நடை, எடுத்து வேறோர் ஊரில் குடியேற்றினார்கள். குழுவிலிருந்த யோஷியாக்கி கோய்சுமி வேறொரு திருடன்-போலீஸ் கேமுக்காக யோசித்து வைத்திருந்த, திரும்பத் திரும்ப வாழும் சில நாட்கள் என்ற எண்ணமும் அதற்குள் வந்து சேர்ந்தது. நிலா கீழே இறங்கி வருகிறது, மூன்று நாளில் ஊர் அழியும், அழியும் முன் காலத்தைத் திருப்பி முதல் நாளுக்கே போக வேண்டும். ஊரில் ஒவ்வொருவருக்கும் மணி தவறாத அன்றாடம் இருக்கிறது, ஒவ்வொரு முறையும் அது மறுபடி நடக்கிறது, நீங்கள் ஒருவரைக் காப்பாற்றிவிட்டுக் காலத்தைத் திருப்பினால் அவர் மறுபடி தவிக்கத் தொடங்குவார். 2000 ஏப்ரலில் மஜோராஸ் மாஸ்க் என்ற பெயரில் இது வந்தது. பெரிய கம்பெனி ஒன்றின் பெரிய தொடரில் இவ்வளவு விசித்திரமான, சாவைப் பற்றி இவ்வளவு வெளிப்படையான கேம் வந்தது அபூர்வம். பழைய முகங்களை மறுபடி பயன்படுத்தியதால் மிச்சமான நேரத்தில்தான் அது சாத்தியமாயிற்று. புலம்பல்காரர்களின் அளவுகோலில் இது அப்பட்டமான கறத்தல். அதே ஆட்கள், அதே படங்கள், அதே கருவி, ஒன்றரை வருட இடைவெளி!

பல வருடம் கழித்து அதே கதை. 2017-ன் பிரெத் ஆஃப் த வைல்ட் எந்த மலையிலும் ஏறலாம், எதையும் எரிக்கலாம் என்று செல்டாவின் பழைய பூட்டு-சாவி ஒழுங்கை உடைத்துப் போட்டது. 2023 மே மாதம் வந்த டியர்ஸ் ஆஃப் த கிங்டம் அதே நிலப்பரப்பை மறுபடி எடுத்தது. அதே வரைபடத்துக்கு எழுபது டாலரா என்று சத்தம் எழுந்தது. முதல் மூன்று நாளில் ஒரு கோடி பிரதிகள் விற்றபோது, பெயருக்காகத்தான் விற்றது என்றார்கள். ஆடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கட்டையையும் சக்கரத்தையும் ஒட்டி வண்டி செய்வதும் காற்றாடி பூட்டிப் பறப்பதும்தான் அந்த ஆட்டம். முன்பு மூச்சிரைக்க ஏறிய மலை எது என்று தெரிந்திருந்தால்தானே, அதன் மேல் சொந்தமாகச் செய்த பறக்கும் வண்டியில் போவதன் குதூகலம் புரியும்?

இனி எதிர்த்தரப்பின் கணக்குக்கு வருவோம். கறக்கிறார்கள் என்றால் எவ்வளவு கறக்கிறார்கள்? மாரியோ கார்ட் 8 வந்தது 2014-ல். வீட்டுக் கன்சோலில் அந்தத் தொடரின் அடுத்த முக்கியப் பாகம் வந்தது 2025-ல். உலகத்திலேயே அதிகம் விற்கும் தொடர்களில் ஒன்றுக்குப் பதினொரு வருடம் அடுத்த பாகம் கொடுக்காமல் இருந்த கறவைக்காரர்கள் இவர்கள். மெட்ராய்டு ஃபியூஷனின் கதை 2002-ல் நின்றது, 2021-ல் டிரெட் வரும்வரை தொடரவில்லை. எஃப்-ஸீரோவோ 2004-க்குப் பிறகு 2023-ல் எஃப்-ஸீரோ 99 வரும்வரை பெயருக்குக்கூட ஒரு கேம் இல்லாமல் கிடந்தது. இங்கேதான் எனக்குச் சிரிப்பு வருகிறது. 'பழைய தொடர்களை அதிகம் பயன்படுத்துகிறார்கள்' என்று திங்கட்கிழமை சொல்பவரே, 'எஃப்-ஸீரோவை ஏன் கைவிட்டார்கள், மதர் 3-ஐ ஏன் இன்னும் ஆங்கிலத்தில் வெளியிடவில்லை' என்று செவ்வாய்க்கிழமை கண்ணீர் வடிக்கிறார். அவருக்குப் பழைய பெயர்கள் பிடிக்காமல் இல்லை. தன் பழைய பெயர் வரவில்லை என்பதே வருத்தம்.

புதியவை வராமலும் இல்லை. பிக்மின், அனிமல் கிராசிங், வாரியோவேர், நின்டெண்டாக்ஸ், பிரெய்ன் ஏஜ், வீ ஸ்போர்ட்ஸ், ரிதம் ஹெவன், ஆர்ம்ஸ், லாபோ அட்டைப்பெட்டிகள், ரிங் ஃபிட் அட்வென்ச்சர், எல்லாம் 2001-லும் அதற்குப் பிறகும் பிறந்தவை. இந்தப் பட்டியலைக் காட்டினால் ஒவ்வொன்றாகத் தகுதிநீக்கம் நடக்கும். பிரெய்ன் ஏஜ் கணக்குப் பாடம், ரிங் ஃபிட் உடற்பயிற்சி, லாபோ பொம்மை, வீ ஸ்போர்ட்ஸ் தாத்தா பாட்டிகளுக்கானது. எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, பார்த்தீர்களா, புதியது ஒன்றும் இல்லை என்பார்கள். அவர்கள் கேட்கும் புதுமைக்கு ஓர் அளவுச்சட்டை இருக்கிறது. வாளோ துப்பாக்கியோ பிடித்த இளைஞன், சோகமான பின்கதை, இருபது மணி நேரம். அந்த அளவிலும் தைத்துக் கொடுத்துப் பார்த்தார்கள். 2013-ல் த வொண்டர்ஃபுல் 101, 2015-ல் கோட் நேம் ஸ்டீம். வாங்க ஆளில்லை.

பழைய முகத்தைக் காட்டினால் எதையும் விற்றுவிடலாம் என்ற நம்பிக்கைக்கு வீ யூ கன்சோல் ஒன்றே போதுமான பதில். 2012 நவம்பரில் மாரியோவோடுதான் அது பிறந்தது. பிறகு சூப்பர் மாரியோ 3டி வேர்ல்ட், மாரியோ கார்ட் 8, ஸ்மாஷ் பிரதர்ஸ், மாரியோ மேக்கர் என்று குடும்பமே வந்து தாங்கியது. மொத்தம் விற்ற கருவிகள் 1.36 கோடிக்கும் குறைவு. அதற்கு முந்தைய வீ பத்துக் கோடியைத் தாண்டியிருந்தது. 2014 ஜனவரியில் நின்டெண்டோ தலைவர் சடோரு இவாட்டா தன் சம்பளத்தைச் சில மாதங்களுக்குப் பாதியாகக் குறைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அதே மாரியோ கார்ட் 8 அடுத்த கருவியான ஸ்விட்சில் ஆறு கோடிக்கு மேல் விற்றது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பெயர் மந்திரமாக இருந்தால் இரண்டு இடத்திலும் பலித்திருக்க வேண்டும்.

சோனி பக்கம் வருவோம். 2024 செப்டம்பர் 6 என்ற ஒரே நாளில் இரண்டு காரியங்கள் நடந்தன. புத்தம்புதுப் பெயரான கான்கார்டை, வெளியிட்ட இரண்டே வாரத்தில், வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மூடினார்கள். ஆஸ்ட்ரோ பாட் கடைக்கு வந்தது. கான்கார்டில் பெயர், உலகம், பாத்திரங்கள் எல்லாம் புதுசு. ஆட்டமோ ஓவர்வாட்ச் காலத்திலிருந்து எல்லோரும் ஆடிச் சலித்த, ஆளுக்கொரு திறமையோடு அணி பிரிந்து சுடும் ஆட்டம். ஆஸ்ட்ரோ பாட்டில் பிளேஸ்டேஷனின் பழைய பாத்திரங்கள் நூற்றுக்கு மேல் தலைகாட்டுகின்றன, ஓடித் தாவுவது என்ற அடிப்படை மாரியோ காலத்து ஆட்டம், ஆனால் லெவலுக்கு லெவல் கைக்குப் புதிதாக ஒரு வேலை. அந்த வருடத்தின் சிறந்த கேம் விருதை அதுதான் வாங்கியது. எது பழசு, எது புதுசு என்று அட்டையைப் பார்த்து யார் சொல்ல முடியும்?

இவ்வளவு சொன்னதால் கம்பெனிகளுக்கு வக்காலத்து வாங்குவதாக நினைக்க வேண்டாம். கறத்தல் நடக்கிறது, வேறு இடத்தில். த லாஸ்ட் ஆஃப் அஸ் 2013-ல் வந்தது, 2014-ல் மெருகேற்றி மறுபடி வந்தது, 2022-ல் புதிதாக வரைந்து எழுபது டாலருக்கு மறுபடி வந்தது. அதன் இரண்டாம் பாகம் வந்து நான்கு வருடம் ஆவதற்குள் 2024 ஜனவரியில் ரீமாஸ்டர் ஆகிவிட்டது. நின்டெண்டோவும் யோக்கியம் இல்லை. மூன்று பழைய மாரியோ கேம்களைக் கட்டிக் கொடுத்த 3டி ஆல்-ஸ்டார்ஸை 2021 மார்ச் 31 வரை மட்டுமே விற்போம் என்று பயமுறுத்தி விற்றது. ஒரே வருடத்தில், 2012-ல், நியூ சூப்பர் மாரியோ பிரதர்ஸ் என்ற பெயரில் இரண்டு கேம்களை இறக்கியது. இரண்டும் ஒரே தட்டில் இரண்டு முறை பரிமாறியதுபோல் இருந்தன. ரேர் நிறுவனம் டைனோசர் பிளானட் என்று செய்துகொண்டிருந்ததை ஸ்டார் ஃபாக்ஸ் ஆக்கி 2002-ல் வெளியிட்டபோது கேமுக்கும் லாபமில்லை, நரிக்கும் பெருமையில்லை.

எதிர்த்தரப்பின் உண்மையான ஆயுதம் போக்கிமான். அதை அவர்கள் இன்னும் ஓங்கிப் பிடித்திருக்கலாம். 2022 ஜனவரியில் ஒன்று, அதே வருடம் நவம்பரில் ஸ்கார்லெட், வயலெட் என்று இன்னொன்று. தரைக்குள் ஆள் புதைவதும் படம் தடுமாறுவதுமாக, பாதி வெந்த சோறாக வந்த அந்தக் கேமும் மூன்று நாளில் ஒரு கோடி விற்றது. சீட்டு, கார்ட்டூன், பொம்மை எல்லாம் ஒரே நாள்காட்டியில் கட்டப்பட்டிருப்பதால் கேமுக்கு மட்டும் அவகாசம் கிடைப்பதில்லை. இங்கே குற்றச்சாட்டை நான் மறுக்க மாட்டேன். ஆனால் குற்றவாளி பிக்காச்சு என்ற முகம் இல்லை, அவசரம். அதே பிக்காச்சுவுக்கு டியர்ஸ் ஆஃப் த கிங்டம் அளவு ஆறு வருடம் கொடுத்தால் என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் யாரும் கொடுத்ததில்லை.

புதுமைக்காகக் கோபப்பட வேண்டுமென்றால் அதற்கும் இடம் இருக்கிறது. சோனி 2021-ல் கலைத்த ஜப்பான் ஸ்டூடியோ, ஈக்கோ, கிராவிட்டி ரஷ், லோகோரோக்கோ என்று வேறெங்கும் காண முடியாதவற்றைச் செய்த இடம். மைக்ரோசாஃப்டின் கீழ் இருந்த டாங்கோ கேம்வொர்க்ஸ் 2023-ல் ஹை-ஃபை ரஷ் என்று, தாளத்துக்கு ஏற்ப அடிக்கும் புதிய கேம் ஒன்றைச் செய்து பாராட்டு வாங்கியது. அடுத்த வருடம் மே மாதம் அதை மூடுவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. கொரியாவின் கிராஃப்டன் வந்து எடுத்துக்கொண்டதால் பிழைத்தது. மாரியோ எந்தப் புது எண்ணத்தின் கழுத்தையும் நெரிக்கவில்லை. நெரிப்பவர்கள் கணக்குப் புத்தகத்தோடு வருகிறார்கள். 2023-ல் அமெரிக்க நீதிமன்றத்தில் மைக்ரோசாஃப்ட் வழக்குக்காகத் தாக்கலான சோனியின் ஆவணம் ஒன்றில் பேனாவால் அடித்து மறைத்திருந்த எண்கள் வெளிச்சத்தில் படிக்கக் கிடைத்தன. த லாஸ்ட் ஆஃப் அஸ் இரண்டாம் பாகத்துக்கு ஆன செலவு சுமார் 22 கோடி டாலர். இந்தச் செலவில் யாருக்குத்தான் விசித்திரமான ஆசைகள் வரும்? தலைமுடி இழைகளை ஒவ்வொன்றாக அசைக்கும் பந்தயத்திலிருந்து நின்டெண்டோ விலகி நிற்பதும், செய்த உருவங்களை மறுபடி பயன்படுத்துவதும், அவர்களுக்குச் சோதனை செய்யக் காசை மிச்சம் பிடித்துத் தருகின்றன.

ஸ்விட்ச் 2 வந்த அடுத்த மாதம், 2025 ஜூலை 17-ல், டாங்கி காங் பனான்சா வந்தது. செய்தவர்கள் சூப்பர் மாரியோ ஒடிசி குழுவினர். அவர்கள் கையில் மலையையும் தரையையும் சின்னச் சின்னக் கட்டிகளாக்கி, எங்கே குத்தினாலும் உடையும்படி செய்யும் நுட்பம் ஒன்று இருந்தது. வழி என்பது போட்டு வைத்த ஒன்றாக இல்லாமல் நாமே குடைந்துகொள்வதாக மாறும் ஆட்டம் அது. லெவல் வடிவமைப்பாளர் காலங்காலமாக நம்பியிருக்கும் சுவர், கதவு, பள்ளம் எல்லாம் இங்கே நம்பகமில்லாதவை. மறுபடியும் அந்தக் குரங்கா என்று கேட்டவர்கள் இதற்கும் இருந்தார்கள். முப்பரிமாணத்தில் அவன் தலைமையில் வந்த முந்தைய கேம் 1999-ல் என்பதை விடுங்கள். கண்ணில் படுவதையெல்லாம் குத்தி நொறுக்க ஓர் ஆள் வேண்டும். நீண்ட கையும் தரையை அறையும் பழக்கமும் உள்ள ஒருவன் 1981-லிருந்தே வீட்டில் இருக்கும்போது, வேறு யாரைப் போய்க் கூப்பிடுவார்கள்?